ரத்த அழுத்த எண்ணும் ஆய்வுச் செய்தியும்: எடுத்த விதத்தைக் கேட்டுவிட்டு நம்புவோம்

அல்சூர் செவிலி

வணக்கம். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனராகப் பணியாற்றுகிறேன். இந்தப் பதவியின் பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வார்டில் அனுபவம் பெற்றவர்கள் சேரும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தோடு 2016-இல் நம் நாட்டில் அறிமுகமானது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 1965-இலேயே இத்தகைய பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே நாங்கள் மருத்துவர் குழுவோடு சேர்ந்து, வகுக்கப்பட்ட நெறிமுறைக்குள் நின்று பணியாற்றுகிறோம். ஆகவே நான் இங்கே எழுதும் எதையும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு மூளையில் ரத்தக் கசிவோடு வருகிறவர்களின் குடும்பத்தாரிடம் பழைய விவரம் கேட்கும்போது, ஒரே பதில் வெவ்வேறு குரல்களில் வருகிறது: "பிரஷர் இருந்தது, மாத்திரையும் சாப்பிட்டார், நடுவில் பார்த்தபோது நார்மல் என்று வந்தது, அதனால் நிறுத்திவிட்டார்." அந்த நார்மலை யார் பார்த்தார்கள், எங்கே, எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. ஏதோ ஒரு முகாமில், ஏதோ ஒரு நாற்காலியில், போகிற போக்கில் எடுத்த ஓர் எண் ஒரு மனிதரின் மாத்திரையை நிறுத்தியிருக்கிறது. மாத்திரை வேலை செய்ததால்தான் அழுத்தம் இறங்கியிருக்கும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதே குடும்பங்கள்தான் காத்திருப்பு அறையில் கைபேசியை நீட்டி, "இந்த ஆராய்ச்சியில் இப்படிச் சொல்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதையே இந்த இழையில் பேச விரும்புகிறேன். கையில் பட்டை கட்டி எடுக்கும் எண்ணாகட்டும், ஆய்விதழில் வரும் எண்ணாகட்டும், அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாதவரை அதற்குப் பொருள் கிடையாது.

அண்மையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த இலவசப் பரிசோதனையைப் பார்த்தேன். அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்தவர், உயரமான முக்காலியில் உட்கார வைக்கப்பட்டார். கால் தரையைத் தொடவில்லை. முதுகுக்குச் சாய்மானம் இல்லை. ரவிக்கையின் கையை இறுக்கமாக மேலே சுருட்டிவிட்டதில், அதுவே புஜத்தில் ஒரு கயிறு கட்டியதுபோல ஆகிவிட்டது. அதற்குக் கீழே பட்டையைச் சுற்றினார்கள். கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இயந்திரம் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் பேரனின் கல்லூரி இடத்தைப் பற்றி விசாரிக்க, இவர் விரிவாகப் பதில் சொன்னார். 158/94 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் முகம் வாடிப்போனது. நான் அவரைச் சாய்மானம் உள்ள நாற்காலிக்கு அழைத்துப்போய், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை மேசைமீது வைத்து மறுபடி எடுத்தேன்: 138/84. ஒரு நிமிடம் கழித்து எடுத்தது அதைவிடச் சற்றுக் குறைவு. அவருக்கு ரத்தக் கொதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஒரு வாரம் முறையாகப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் முதல் எண்ணை வைத்து யாராவது மாத்திரையைக் கூட்டியிருந்தால், தலைசுற்றிக் குளியலறையில் விழுகிற நிலைகூட வரலாம்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 133 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கையை மேசையில் தாங்கி வைப்பதற்குப் பதிலாக மடியில் வைத்தால் மேல் அழுத்தம் (158/94 என்பதில் முதலில் உள்ள எண்) சராசரியாக 3.9 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரியவந்தது. அதே பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பட்டையின் அளவைப் பற்றியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்கு நடுத்தரப் பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. மெலிந்த கைக்கு அதே பட்டை 3.6 புள்ளி குறைத்துக் காட்டியது. நம் மருத்துவமனைகள் பலவற்றில் ஒரே பட்டைதான் எல்லாக் கைகளுக்கும் சுற்றி வருகிறது.

நண்பர்கள் தங்கள் அனுபவத்தையும் ஐயங்களையும் எழுதுங்கள்.

ராஜாஜிநகர் கணக்கர்

வணக்கம் அம்மா. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ரத்தக் கொதிப்புக்கு நெடுநாளாக மாத்திரை எடுத்து வருகிறேன். காலையில் காபி குடித்துவிட்டு, செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பி.பி. பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் 128 வருகிறது. மறுநாள் 149 வருகிறது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று என் மகன் சொல்கிறான். மருத்துவரிடம் காட்டினால், "வீட்டு எண்ணை விடுங்கள், இங்கே வருவதுதான் கணக்கு" என்கிறார். வீட்டில் பார்ப்பதற்கு மதிப்பு உண்டா, இல்லையா? உண்டு என்றால், எந்த முறையில் பார்க்க வேண்டும்?

அல்சூர் செவிலி

மதிப்பு உண்டு ஐயா, நிச்சயமாக உண்டு. மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் சரியாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் நல்ல எண் வந்து வீட்டில் உயர்ந்திருப்பவர்களும் உண்டு. எனக்கு இவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை, ஏனென்றால் இவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை. வீட்டில் முறையாக எடுத்த எண்தான் இரு சாராரையும் இனங்காட்டும்.

காபி, புகை, நடைப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பே பார்த்துவிடுவது மிக எளிது. முதுகு சாய்ந்திருக்கட்டும், இரண்டு பாதங்களும் தரையில் படியட்டும், கால்மேல் கால் போட வேண்டாம். சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டாமல் வெறும் புஜத்தில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே கட்டுங்கள். கையை மேசைமீது வைத்து, பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்; மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். செய்தித்தாள் வேண்டாம், தொலைக்காட்சி வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள். மாலையிலும் அவ்வாறே. இப்படி ஏழு நாள் எடுத்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். கணக்கர் என்பதால் உங்களுக்கு இது சிரமமாக இருக்காது.

மருத்துவமனையில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டுச் சராசரிக்கு 135/85 என்பதுதான் பல வழிகாட்டு நெறிகளில் உள்ள எல்லை. ஒருநாள் 128, ஒருநாள் 149 என்று வருவது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல. அழுத்தம் இயல்பாகவே மணிக்கு மணி மாறுவது. ஆனாலும் இயந்திரத்தை ஒருமுறை மருத்துவரிடம் எடுத்துப்போய், அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஏழு நாள் தாளையும் உடன் கொண்டுபோங்கள். எப்படி எடுத்தீர்கள் என்பதை அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தால், எந்த மருத்துவரும் அதை எளிதில் ஒதுக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 180/120-ஐத் தாண்டி வந்து, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது இருந்தாலும் சராசரி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிவாஜிநகர் மருந்தாளுநர்

அம்மா சொன்ன பட்டை விஷயத்தை நான் என் கடையில் நாள்தோறும் பார்க்கிறேன். இயந்திரம் வாங்க வருகிறவர்கள் விலையையும் உத்தரவாதத்தையும் கேட்கிறார்களே தவிர, பெட்டியின்மேல் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் பட்டை அளவை யாரும் கேட்பதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே புஜத்தின் சுற்றளவைத் தையல்காரர் நாடாவால் அளந்துகொண்டு வந்தால், சரியான பட்டையை எடுத்துக் கொடுக்க முடியும். பெரிய பட்டை தனியாகவும் கிடைக்கிறது, ஆனால் அதே நிறுவனத்தின் அதே மாதிரிக்கு உரியதாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் இயந்திரத்தைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறேன். கை சற்றுத் தாழ்ந்தாலும் அது எண்ணை மாற்றிவிடும்.

மாத்திரை தீர்ந்ததும் வாங்க வராமல் இருப்பவர்களும் என் கணக்கில் உண்டு. தெரிந்தவர்கள் என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பேன். "தலைவலி இல்லை, அதனால் வாங்கவில்லை" என்பார்கள். தலைவலி வந்தால்தான் பிரஷர் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

ஜெயநகர் வாசகர்

நான் இந்த இழையோடு சற்று முரண்படுகிறேன். அளக்கும் முறையைச் சீர்செய்யலாம், சரி. ஆனால் ஆய்வுகளை எப்படி நம்புவது? முட்டை கெடுதல் என்றார்கள், பிறகு நல்லது என்றார்கள். காபியும் அப்படியே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று என் தாயாரின் தலைமுறைக்குச் சொன்னார்கள். பிறகு அதே மாத்திரை இதயத்துக்கு ஆபத்து என்றார்கள். இன்று சொல்வதை நாளை மாற்றுகிறவர்களின் பேச்சைக் கேட்டு நாம் ஏன் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்? பாட்டி சொன்னதைக் கேட்டு நடந்தாலே போதும் என்று தோன்றுகிறது.

அல்சூர் செவிலி

ஹார்மோன் மாத்திரையை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. அந்தக் கதையில் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கே பெரிய பங்கு இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1976-இல் அமெரிக்காவில் 30 முதல் 55 வயது வரையிலான 1,21,700 செவிலியர்கள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். அஞ்சலில் வரும் கேள்வித்தாளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதில் எழுதி அனுப்ப வேண்டும். என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், என்ன நோய் வந்தது என்பவையே கேள்விகள். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் எழுதிய பதில்களிலிருந்து மருத்துவ உலகம் இன்றும் கற்றுக்கொண்டிருக்கிறது. செவிலியர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உடல்நலம் பற்றிய கேள்விகளுக்குத் துல்லியமாகப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் என்பதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

1991-இல் அந்த ஆய்வு, ஹார்மோன் எடுத்த செவிலியர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய பாதியாக இருந்தது என்று காட்டியது. கண்டது பொய்யல்ல. ஆனால் அந்தப் பெண்களுக்கு யாரும் மாத்திரையைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கவில்லை. தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ எடுத்தவர்கள் அவர்கள். எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் பொதுவாக உடல்நலத்தில் கூடுதல் அக்கறை உள்ளவர்கள். இதயத்தைக் காத்தது மாத்திரையா, அந்த அக்கறையா என்பதை இத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல இயலாது.

அதைப் பிரிப்பதற்காகவே 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையும், மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. இதய நோய் 29 சதவீதம் கூடியது என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த 29 சதவீதத்தை ஆட்கணக்கில் மாற்றிப் பாருங்கள்: பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு மாத்திரை எடுத்தால், கூடுதலாக 7 பேருக்கு இதய நோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், அதேவேளை இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு நோய்த்தடுப்பு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கொடுக்க இது தகாது என்பது சரியான முடிவே. ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கையால் இரவெல்லாம் தூங்க முடியாத ஐம்பது வயதுப் பெண் சில ஆண்டுகள் எடுப்பது வேறு கேள்வி. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பின்னாளில் வயதுவாரியாக அலசியபோது இந்த வேறுபாடு முக்கியமானது என்று தெரிந்தது. நடுவில் எத்தனையோ பெண்கள் தலைப்பைப் பார்த்துப் பயந்து, தேவையான சிகிச்சையையும் மறுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆகவே, முடிவு மாறியது என்பதைவிட, எடுத்த முறை மாறியது என்று சொல்வதே பொருந்தும். பாட்டியின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ரத்தக் கொதிப்பு அறிகுறி காட்டாத நோய். பட்டை கட்டிப் பார்க்காத காலத்தில், அது யாருக்கு இருந்தது என்பதை அறியப் பாட்டிக்கு வழியே இருந்ததில்லை.

ஒயிட்ஃபீல்டு மருமகள்

சகோதரி, என் ஐயத்தையும் தீர்த்துவையுங்கள். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் பக்கவாதம் குறையும் என்று ஒரு செய்தி எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. என் மாமியாருக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருக்கின்றன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்று அண்மையில் சொன்னார்கள். சமையல் அனைவருக்கும் ஒன்றுதான். மாற்றிவிடலாமா?

அல்சூர் செவிலி

இப்போது மாற்ற வேண்டாம் சகோதரி. சிறுநீரக மருத்துவரைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் குழுவில் வந்தது, சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வாக இருக்கலாம். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைக் கடந்து ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என 20,995 பேர் அதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மறுபாதிக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்தாண்டு தொடர்ந்தார்கள். பக்கவாதம் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 33.65 என்றிருந்தது 29.14 ஆகக் குறைந்தது. உப்பை மாற்றியதால் மட்டும் கிடைத்த பலன் என்று பார்த்தால் இது மிகப் பெரிது. நான் மதிக்கும் ஆய்வு. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் மாமியாரின் நிலையில் உள்ளவர்களுக்கு அந்த எண் பேசாது. சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இப்படித் தடுமாறி வந்தவர்களை எங்கள் பிரிவில் பார்த்திருக்கிறேன். டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் கேட்காமல் மாற்றக் கூடாது.

உங்கள் வீட்டில் இன்றே செய்யக் கூடியது, உப்பின் அளவைக் குறைப்பது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அமெரிக்க வீடுகளில் உப்பு பெரும்பாலும் பொட்டலத்தில் வந்து சேர்கிறது. நம் வீடுகளில் பெரும்பகுதியை நாமேதான் போடுகிறோம், அதனால் குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்புப் போடுவதை நிறுத்துங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம். மாலை காபியோடு பேக்கரியிலிருந்து வரும் கார பன்னும், காராக் கடை முறுக்கும் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

எலகங்கா புள்ளியியல் ஆசிரியை

அளக்கும் முறை ஆய்வின் பொருளையே எப்படி மாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்க விரும்புகிறேன். 2015-இல் ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வு வெளியானது. 9,361 பேரில் ஒரு பாதியினரின் மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழேயும், மறுபாதியினரின் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழேயும் வைக்க முயன்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோயால் மரணம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், ஆண்டுக்கு நூற்றுக்கு 2.19 என்பது 1.65 ஆகக் குறைந்தது. "இனி 120-தான் இலக்கு" என்று உலகெங்கும் பேச்சானது. ஆனால் அங்கே தானியங்கி இயந்திரம் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. பல மையங்களில் அந்த நேரத்தில் ஊழியர் யாரும் அறையிலேயே இல்லை. அப்படி எடுத்த 120-ம், நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் பெயர் கூப்பிட்டதும் ஓடிவந்து உட்கார்ந்தவரிடம் எடுத்த 120-ம் ஒன்றல்ல. இரண்டாமவரை அந்த எண்ணுக்குக் கொண்டுவர மருந்தைக் கூட்டினால், உண்மையில் அவர் அதைவிடத் தாழ்ந்துவிடுவார். அந்த ஆய்விலேயே 120-க்குக் கீழே வைக்க முயன்ற குழுவில் தாழ் அழுத்தமும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. நீரிழிவு உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு கேள்வியும் உண்டு. இதுவரை பேசியவை எல்லாம் அமெரிக்காவும் சீனாவும். நம் மண்ணில் நடந்த ஆய்வுகள் நமக்கு என்ன சொல்கின்றன?

அல்சூர் செவிலி

ஸ்பிரிண்ட் பற்றி மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

நம் நாட்டு ஆய்வு என்றால், இந்த நகரத்திலிருந்தே தொடங்கலாம். பெல்லாரி சாலையில் உள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 1963-இல் வெளியானது. கிராமத்து மக்கள் இருமலைப் பொருட்படுத்த மாட்டார்கள், மருத்துவமனைக்கு வர மாட்டார்கள் என்பது அன்றைய படித்தவர்களின் நம்பிக்கை. இவர்கள் காசநோய் உள்ளவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் அறிகுறியை உணர்ந்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அங்கே சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மக்கள் வந்தார்கள்; நாம்தான் பார்க்கத் தவறினோம். மருத்துவமனைக்குள் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. ரத்தக் கொதிப்பிலும் இன்று அதே கதைதான் என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் மருத்துவரிடம் வந்துபோகிறவருக்குப் பட்டை கட்டிப் பார்க்காமலே அனுப்பிவிடுகிறோம்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 35.5 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அதாவது ஏறக்குறைய 31.5 கோடிப் பேர். இத்தனை பேரையும் மருத்துவர்களே அடிக்கடி பார்ப்பது நடக்காத காரியம். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய், இயந்திரத்தால் அழுத்தம் பார்த்து, உணவும் மாத்திரையும் பற்றிப் பேசி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 5.2 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. புது மருந்து ஏதும் இல்லை. ஆள் போய்ப் பார்த்ததுதான் சிகிச்சை. செவிலியர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் முறையான பயிற்சியும், சரியான பட்டைகளும், ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் அளவுக்கு ஆள்பலமும் கொடுத்தால் நம் நகரத்தின் நெரிசலான பகுதிகளிலும் இது நடக்கும். இதைக் கேட்டுப் பெறுவதற்கு நோயாளிகளும் எங்களோடு குரல் கொடுக்க வேண்டும்.

ராஜாஜிநகர் கணக்கர்

மிக்க நன்றி அம்மா. என் தம்பியை ஒரு மருத்துவமனையில் ரத்தக் கொதிப்பு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். படிவம் பல பக்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில். சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அவன் என்ன கேட்க வேண்டும்?

அல்சூர் செவிலி

தம்பி முதலில் கேட்க வேண்டியது, தமிழில் படிவம். தனக்குப் புரிகிற மொழியில் விளக்கம் பெறுவது அவர் உரிமை. புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப்போய் உங்களோடு பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது. நம் நாட்டில் மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே பாருங்கள். ஆய்வில் சேர்வோரின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் அதன் தொடர்பு விவரமும் படிவத்தில் இருக்க வேண்டும்.

பிறகு இவற்றைக் கேட்கட்டும்: புது மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள்? இப்போது அவர் எடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, நிறுத்தினால் அந்த இடைவெளியில் அழுத்தத்தை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? இரவில் ஏதாவது நேர்ந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019-இன் விதிகள் சொல்கின்றன. அது படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் அவருக்குரிய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு படியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் குழுவாக இருந்தால், சேர்வதைப் பற்றித் தம்பி தயங்காமல் யோசிக்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் சேர வேண்டாம். படிவத்தைப் படித்துப் பார்க்கத் துணை தேவைப்பட்டால், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் பக்கங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இரவுப் பணி முடிந்து வந்ததும் படித்துவிட்டு எழுதுகிறேன்.